முகத்துக்கு நாள் குறிக்கும் அத்தை

கல்யாணம் நிச்சயமான வீடுகளில் சமையற்காரரைப் பேசி முடிக்க ஒருவரும், ஜவுளி எடுக்க ஒருவரும், சம்பந்தி வீட்டாரின் மனத்தாங்கல்களைக் கேட்டுத் தலையாட்ட ஒருவரும் தொன்றுதொட்டு இருந்து வந்திருக்கிறார்கள். அண்மைக்காலத்தில் இவற்றோடு இன்னொரு பதவியும் சேர்ந்திருக்கிறது: மணப்பெண்ணுக்கு எந்த ஃபேஷியல் என்று தீர்மானிக்கும் பதவி. ஒருவரும் நியமிக்காமலே அந்த ஸ்தானத்தில் அமர்ந்து, ஒருவராலும் அகற்ற இயலாதபடி நிலைத்துவிடுகிற பெண்மணி அநேகமாக எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. உறவுமுறை எதுவாயினும், சௌகரியத்துக்காக அவரை அத்தை என்றே வைத்துக்கொள்வோம்.

"வாம்மா, சௌக்கியமா?" என்று கேட்கும்போதே அத்தையின் கண்கள் எதிரே நிற்பவளின் நெற்றியில் தொடங்கி, மூக்கின் இரு மருங்கிலும் சற்றுத் தங்கி, கன்னங்களைச் சுற்றிக்கொண்டு முகவாயில் இறங்கி, நிலம் அளக்க வந்த சர்வேயரின் நிதானத்தோடு எல்லைகளைக் குறித்துக்கொண்டுவிடும். "மூக்கு மேலெல்லாம் கரும்புள்ளி, கண்ணுக்குக் கீழே கருவளையம். ராத்திரி பூரா போன் பாக்குறியா?" என்பது அடுத்த வாக்கியம். க்ஷேமம் விசாரிக்கிறார் என்று எண்ணி முகமலர்ந்த பெண், மலர்ந்த முகத்தைத் துப்பட்டாவால் பாதி மறைத்துக்கொள்வாள்.

குறை கண்டுபிடிப்பதில் அத்தைக்கு நிகர் அத்தைதான், தகராறெல்லாம் பரிகாரத்தில். அவர் ஃபேஷியலைத் தேர்ந்தெடுப்பது சருமத்தின் சுபாவத்தை ஒட்டி அன்று, சம்பந்தத்தின் அந்தஸ்தை ஒட்டி. உள்ளூர் வரன் என்றால் பழ ஃபேஷியல், பெங்களூரில் வேலை என்றால் முத்து, மண்டபம் ஏ.சி. என்றால் தங்கம், மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து வந்து இறங்குகிறார் என்றால் வைரத்துக்குக் குறைந்த எதையும் அவர் வாயால் உச்சரிக்கமாட்டார். தங்கத்துகள் கலந்த பசையில் பெரும்பகுதி கடைசியில் ஈரப் பஞ்சோடு குப்பைக்கூடைக்குப் போவதைப் பக்கத்தில் அமர்ந்து பலமுறை பார்த்தவர்தாம், ஆயினும், "தங்கம் உடம்புக்கு ஆகாமப் போகுமா?" என்று அவர் கேட்டுவிட்டால் பதில் சொல்லும் துணிவு நம்மில் யாருக்கு இருக்கிறது?

அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக், வெயில் பட்டால் தோல் கன்றிப்போகிறதா கறுக்கிறதா என்பதைக் கொண்டு 1975-இல் சருமத்தை நான்கு வகையாகப் பிரித்தார். வெள்ளைத் தோலை மனத்தில் கொண்டு செய்த அந்தப் பட்டியலில், மாநிறத்துக்கும் கறுப்புக்கும் உரிய ஐந்தாவது, ஆறாவது இடங்கள் பிற்பாடுதான் சேர்க்கப்பட்டன. அத்தையின் சாஸ்திரத்தில் இரண்டே வகைகள்: 'நல்ல கலர்', 'கொஞ்சம் களை கம்மி'. இரண்டாம் வகைக்கு ப்ளீச் என்பது அவருடைய மாறாத விதி. ப்ளீச் வெளுக்கச் செய்வது முகத்திலுள்ள பூனைமயிரையேயன்றித் தோலின் நிறத்தை அன்று என்று சொல்லிப் பார்த்தால், "நீ பாத்தியா?" என்பார்.

சென்ற ஐப்பசியில், தை மாதக் கல்யாணம் ஒன்றுக்கு முன்பணம் கொடுப்பதற்காகப் பெண்ணை அழைத்துக்கொண்டு அத்தை பாண்டி பஜாரில் ஒரு மாடிப் பார்லருக்குப் போனார். பை தூக்கும் கைங்கரியத்துக்காக நானும் உடன் போயிருந்தேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தங்க ஃபேஷியல் என்று அத்தை நாள் குறித்தார். மணிப்பூரிலிருந்து வந்து இங்கே தொழில் செய்யும் பெண் ஒருத்தி, அதற்கு ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், கல்யாணப் பெண்ணை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, புறங்கையால் கன்னத்தை லேசாகத் தொட்டுப் பார்த்தாள்.

"பரு வலிக்குதா அக்கா?"

"கொஞ்சம்."

"வலிக்கிற பரு இருக்கும்போது தேய்க்கக் கூடாது, மசாஜும் கூடாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் புதுசா எதுவுமே பண்ணக் கூடாது."

கேட்கக் கேட்கத்தான் அந்தப் பெண்ணின் வித்தை புலப்பட்டது. எண்ணெய் வழிந்து துவாரங்கள் அடைத்த முகத்துக்கு, எண்ணெயிலே கரைந்து உள்ளே இறங்கவல்ல சாலிசிலிக் அமிலம் ஏற்றதாம். வறண்ட முகத்துக்கு முதலில் ஈரப்பதம் ஊட்டவேண்டுமாம். கரும்பில் உள்ள கிளைகாலிக் அமிலத்தின் வேகத்தைத் தாங்காதவர்களுக்குப் புளித்த பாலில் உண்டாகும் லாக்டிக் அமிலம் சாதுவானதாம். கன்னத்து மங்குக்கு வெயிலும் சூடும் பகையாதலால், அதை ஆவிபிடித்துத் தேய்த்துப் போக்கிவிடலாம் என்பது வீண் ஆசை. தோல் டாக்டரிடம் போவதே வழி. நம்மவர் தோலைக் காரமான அமிலம் சுட்டுவிட்டால், காயம் ஆறிய பிறகும் கருந்தழும்பு மாதக்கணக்கில் போகாது. எது எவருக்கு ஆகாது என்பதிலேயே அவளுடைய கவனமெல்லாம் இருந்தது. அத்தையோ அதற்குள் சுவரில் மாட்டியிருந்த விலைப்பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்து முடித்திருந்தார்.

"வேற க்ரீம் ஏதாவது போடுறீங்களா?"

கல்யாணப் பெண் கைப்பையிலிருந்து பாதி நசுங்கிய ஒரு ட்யூபைத் தயக்கத்தோடு எடுத்தாள்.

"அது நான் குடுத்ததுதான்," என்றார் அத்தை பெருமிதத்தோடு. "நாலே நாள்ல மூஞ்சி எப்படிப் பளிச்சுன்னு ஆச்சு பாரு!"

அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. முதலில் பளபளப்பைத் தந்து, நாளடைவில் தோலை மெலியச் செய்து, பருவையும் சிவப்பையும் கூட்டிவரும் இவ்வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-இல் மத்திய அரசு அறிவித்ததுண்டு. ஆனால் அத்தையின் தெருமுனை மருந்துக்கடைப் பையன் அத்தையிடம் போய்ச் சீட்டுக் கேட்பானா? பார்லர்ப் பெண் ட்யூபை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு, "டாக்டரைப் பாத்துட்டு வாங்க அக்கா, இப்ப நான் கை வெக்கமாட்டேன்," என்றாள். வந்த வரும்படியை வேண்டாமென்று சொன்னவளை அத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். படியிறங்கும்போது, "தொழில் தெரியாத பொண்ணு," என்றார்.

டாக்டர் அந்தக் களிம்பைப் படிப்படியாக நிறுத்தி, வெயில் தடுக்கும் களிம்பு ஒன்றையும் பருவுக்கு மருந்தும் கொடுத்தார். தை பிறக்கும்போது பெண்ணின் முகம் பெருமளவு தெளிந்திருந்தது. கண்டவர்களெல்லாம் காரணம் கேட்க, "நான்தான் கூட்டிட்டுப் போனேன்," என்று அத்தை அடக்கமாகச் சொல்லிக்கொண்டார். அது பொய்யும் அன்று.

கல்யாண மண்டபத்தில் பிள்ளை வீட்டாரின் அத்தையை அவர் சந்தித்தார். ஆம், அங்கும் ஒருவர் இருந்தார். இவர் தங்கம் என்றார். அவர் பிளாட்டினம் என்றார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் மரியாதையாகப் பரிசீலித்துவிட்டு, பொதுவான ஒரு விஷயத்தைத் தேடுபவர்களைப் போலச் சற்றே திரும்பி, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்கள். "கன்னத்துல மங்கு," என்று இருவர் குரலும் ஒன்றாகக் கேட்டது. முதற் பந்திக்கு இன்னும் இலை போடவில்லை என்று தெரிந்தும் நான் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டேன்.