சத்தம் வராத லினக்ஸுக்குச் சில கைவைத்தியங்கள்

பெருங்களத்தூரில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆம்னி பஸ் ஹாரன், தண்டவாளத்தில் மின்சார ரயில், தலைக்கு மேலே தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம், ஆடி மாதமென்றால் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர். இத்தனைக்கும் நடுவில் வாய் திறக்காத ஒரே ஜீவன் உங்கள் லினக்ஸ் கம்ப்யூட்டர்தான் என்றால், கீழே உள்ளதைச் சொன்ன வரிசையிலேயே செய்யவும்.

முதலில், சத்தம் நிஜமாகவே வரவில்லையா என்று பாருங்கள். இந்த ஊரில் அது லேசில்லை. பொங்கலுக்கு முந்தின சாயங்காலம் சோதிக்கவே கூடாது. பாதி சென்னை தெற்கே கிளம்பி நம் வாசலில் நிற்கும். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகும் ஹாரன்கள் ஊரைக் காலி செய்யவில்லை. ராத்திரி இரண்டு மணி உத்தமம். ஒரு பாட்டைப் போட்டு, கண்ணில் பட்ட எல்லா வால்யூமையும் நூறுக்கு ஏற்றிவிட்டுக் காத்திருங்கள்.

அடுத்து, டிரைவரைத் திட்டுங்கள். வண்டி நகரவில்லையென்றால் அதுதானே வழக்கம். ஆனால் லினக்ஸில் டிரைவர் பெரும்பாலும் நிரபராதி. செக் நாட்டு ஜாரோஸ்லாவ் கிசெலா 1998-இல் தொடங்கிய 'அல்சா' என்கிற டிரைவர் கூட்டம், 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னல் முதல் சீட்டில் நிரந்தரமாக உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருக்கிறது. தகராறு கண்டக்டரிடம். முன்பு அவர் பெயர் பல்ஸ்ஆடியோ, இப்போது பைப்வயர். பாட்டு, வீடியோ கால், விளையாட்டு என்று எல்லாப் பயணிகளையும் ஒரே வண்டியில் ஏற்றுகிறவர் அவர்தான். பெருங்களத்தூரில் இறங்க வேண்டிய சத்தத்தை, ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குள் எச்டிஎம்ஐ வழியாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு விசில் ஊதிவிடுவார். செட்டிங்ஸில் அவுட்புட்டை மாற்றினால் ஸ்டாப் சரியாகிவிடும். அதை இப்போதே செய்துவிடாதீர்கள். இன்னும் பாதி வழிகாட்டி பாக்கி இருக்கிறது.

அவுட்புட் பட்டியலில் 'டம்மி' என்று மட்டும் இருந்தால்? நம் தேர்தல்களில் டம்மி வேட்பாளர் என்று ஒருவர் மனு போடுவாரே, அதே ஆள்தான். சவுண்டு கார்டு கண்ணில் படாவிட்டால், பாட்டு போடும் புரோகிராம்கள் பதறிப்போகாமலிருக்க நிறுத்தப்படும் காலிப் பெயர். என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார், ஒரு வார்த்தை பேசமாட்டார். இந்த இடத்தில் மட்டும் டிரைவர் பக்கம் சந்தேகப்படலாம்: புதிய இண்டெல் லேப்டாப்கள் பலவற்றுக்கு 'சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்' என்ற தனிப் பொட்டலம் வேண்டும்.

பொட்டலத்தைத் தேடும் முன் சொந்தத்தில் உள்ள ஐ.டி. பையனுக்கு போன் செய்வது மரபு. "விண்டோஸ் போட்டுடுங்க சித்தப்பா" என்பான். சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸை, 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே வாங்கி வைத்திருந்தவன்தான் அவனும். பாஸ் ஊமையாக இருந்தால் ஆபீசில் கொண்டாடுவார்கள் என்பது வேறு விஷயம்.

பிறகு லினக்ஸை அழித்து மூன்று முறை மறுபடி நிறுவுங்கள். பயன் இருக்காது, பொழுது போகும்.

வேறு வழியே இல்லாதபோது மட்டும், டெர்மினலைத் திறந்து 'அல்சாமிக்சர்' என்று தட்டுங்கள். வரிசையாகக் கம்பங்கள் எழும்பும். எஃப்6 அழுத்திச் சரியான கார்டைத் தேர்ந்தெடுங்கள். கம்பம் உச்சி வரை நிமிர்ந்திருக்கும். அடியில் 'எம்எம்' என்று இருக்கும். இனிஷியல் என்று நினைத்துவிடாதீர்கள், வாயைக் கட்டியிருக்கிறது என்று பொருள். வால்யூம் வேறு, வாய்ப்பூட்டு வேறு. அம்புக்குறியால் அங்கே போய் எம் விசையை ஒரு தட்டு தட்டினால் 'எம்எம்' மறைந்து '00' வரும்.

மணி இரண்டரை. எல்லாம் நூறில் இருக்கிறது. கதவைத் தட்டும் மேல்வீட்டுக்காரரிடம் கோபப்படாமல், உள்ளே கூப்பிட்டு எந்த விசை என்று காட்டுங்கள். அதையே இன்னொரு தட்டு தட்டினால் பழையபடி ஊமையாகிவிடும். அவரே தட்டுவார்.