ணா, ஒரு கிங்ஸ்!

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஷிப்ட் விடுகிற நேரத்தில் ஏதாவது ஒரு டீக்கடையில் நின்று பாருங்கள். அரும்பு மீசைப் பையன் பெஞ்சில் உட்காருவான். டீ கிளாஸ் கைக்கு வந்ததும், யோசிக்காமலே வாய் திறக்கும்: "ணா, ஒரு கிங்ஸ்!" கம்பியில் நூல் கட்டித் தொங்குகிறது லைட்டர். கடலைமிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே சிகரெட் பாக்கெட்டுகள், நாலாங்கிளாஸ் பிள்ளையின் கண்ணுக்கு நேராக. குழந்தை மனசு படித்தவர்கள் நம் ஊரில் இல்லையென்று யார் சொன்னது?

மூளையின் கதை இதுதான். பரிசு கையில் கிடைக்கும்போது மட்டுமல்ல, கிடைக்கப்போகிறது என்ற அறிகுறி தெரிந்தாலே டோபமின் சுரக்கும். டீயும் புகையுமாகப் பழகியவனுக்கு டீயே அறிகுறி. அப்புறம் லைட்டர் சத்தம், கூட்டாளியின் பைக், சம்பள நாள் எல்லாமே அறிகுறி. "வேணாண்டா" என்று இழுத்துப் பிடிக்க வேண்டிய மூளையின் முன்பகுதியோ இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழுசாக முதிர்கிறது.

2011இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு, 14 வயதுப் பிள்ளைகளை ஸ்கேனில் படுக்கவைத்துப் பரிசு ஆசை காட்டியது. புகைக்காத பிள்ளைகளுக்குத் துடிப்பாக வேலை செய்த பகுதி, புகைக்கும் பிள்ளைகளுக்கு மந்தமாகக் கிடந்தது. வாழ்நாளில் பத்து சிகரெட்கூடத் தாண்டாதவர்களுக்கும் அதே கதைதான். புகைத்ததால் மந்தமா, மந்தமானதால் புகைத்தார்களா? அறிவியலாளர்கள் வாதாடட்டும். சிகரெட் கம்பெனிக்கு எப்படி வந்தாலும் வாடிக்கையாளர்தானே.

நாமோ பையனுக்கு உபதேசம் செய்கிறோம்: "மன உறுதி வேணும் தம்பி."

சட்டத்துக்குக் குறைவே இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே யாருக்கும் விற்கக் கூடாது. பள்ளி, கல்லூரியைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது. அளக்கிற கோலைத்தான் எந்த ஆபீசில் பூட்டி வைத்தார்களோ! 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் இன்னும் கறார்: பிள்ளை கையில் புகையிலை கொடுத்தால் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். கேட்கவே நடுக்கமாக இருக்கிறது; நடுங்க வேண்டியவர் நிதானமாகச் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறார். அப்புறம் அந்தப் படம். பாக்கெட்டின் 85 சதவீத இடத்தை அடைத்துக்கொண்டு, எச்சரிக்கை வாசகத்தோடு பார்க்கச் சகிக்காத புற்றுநோய்ப் படம். எவ்வளவு அக்கறை! பையன் வாங்குவதோ ஒத்தை சிகரெட். படம் கடைக்காரருக்கு, புகை பையனுக்கு.

நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனி ஐ.டி.சி. அதில் சுமார் 15 சதவீதப் பங்கு வைத்திருப்பது யார் தெரியுமா? நம் உயிருக்கு உத்தரவாதம் தரும் எல்.ஐ.சி. அதே எல்.ஐ.சி.யின் டேர்ம் பாலிசியில் புகைப்பவருக்குப் பிரீமியம் கூடுதல். நீ ஊதினால் அவர்களுக்கு டிவிடெண்ட். ஊதுகிறேன் என்று உண்மையைச் சொன்னால் உனக்குத் தண்டம். இரண்டு கையாலும் வசூலிக்கிற இந்தச் சாமர்த்தியம் கந்துவட்டிக்காரனுக்குக்கூட வராது.

இதில் நம் பகுதிக்குத் தனிப் பெருமை உண்டு. தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில், 'மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும்' என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. வழக்கின் பெயரே வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கு. அந்தக் கொள்கையை அரசு மறந்துவிட்டதாக யாரும் அவதூறு பேச வேண்டாம். புகை விஷயத்தில் மாசு செய்தவர் யாரென்று தீர விசாரித்துக் கண்டுபிடித்தாயிற்று. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். கம்பெனிக்கல்ல, பங்குதாரருக்கல்ல, டீக்கடை வாசலில் மாட்டிக்கொண்ட அந்த அரும்பு மீசைக்கு, ரசீதோடு.