ஒரு வோல்ட் கொடுத்து இரண்டு வோல்ட் வாங்க

கே: சென்சாரிலிருந்து 0 முதல் 2.5 வோல்ட் வரை ஏறி இறங்கும் டி.சி. வருகிறது. அது எந்த அளவில் இருந்தாலும் சரியாக இரண்டு மடங்கு வேண்டும். எளிய சர்க்யூட் உண்டா?
(பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்)

ப: உண்டு. ஒரு ஆப்-ஆம்ப், சம மதிப்புள்ள இரண்டு ரெசிஸ்டர், அவ்வளவுதான். எல்எம்358 ஐசியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்சார் ஒயர் 3-ஆம் பின்னுக்குப் போகட்டும். 1-ஆம் பின்தான் வெளியீடு. 1-க்கும் 2-க்கும் நடுவே ஒரு 10 கிலோ ஓம், 2-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே இன்னொரு 10 கிலோ ஓம். 8-இல் சப்ளை, 4-இல் கிரவுண்டு. சென்சாரின் கிரவுண்டும் இதே கிரவுண்டோடு சேர வேண்டும். பாதிப் பேருக்கு சர்க்யூட் ஓடாமல் போவது இந்த ஒரு ஒயரால்தான்.

ஏன் இரட்டிக்கிறது என்பதில்தான் அழகே இருக்கிறது. 2-ஆம் பின்னும் 3-ஆம் பின்னும் ஒரே வோல்ட்டுக்கு வரும்வரை ஆப்-ஆம்ப் தன் வெளியீட்டை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். 2-ஆம் பின்னுக்குத் திரும்பிப் போவதோ வெளியீட்டில் சரிபாதி. அந்தப் பாதி 1 வோல்ட் ஆக வேண்டுமென்றால் முழுசு 2 வோல்ட் ஆகித்தானே தீர வேண்டும்? பாதியாக்கும் இரண்டு ரெசிஸ்டரை பின்னூட்டத்தில் மாட்டி, இரட்டிப்பை வாங்கிவிடுகிறோம்.

கே: அப்படியே மாட்டினேன். 5 வோல்ட் சப்ளை. உள்ளே 1.7 வரை சரியாக இரட்டிக்கிறது. அதற்கு மேல் 3.5-இலேயே நின்றுவிடுகிறது. ஐசி போலியா?

ப: ஐசி நல்ல ஐசிதான். எல்எம்358-இன் வெளியீடு கீழே கிரவுண்டு வரைக்கும் கிட்டத்தட்ட இறங்கும். மேலே சப்ளைக்கு ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் குறைவாகவே நின்றுவிடும். 12 வோல்ட் சப்ளை கொடுத்தால் 5 வோல்ட் தாராளமாக வரும். ஆனால் அந்த வெளியீடு ஆர்டுயினோவுக்குப் போகிறதென்றால் அப்படிச் செய்யாதீர்கள். சென்சார் ஒருநாள் கோளாறாகி 5 வோல்ட் அனுப்பினால், ஆர்டுயினோ பின்னில் 10 வோல்ட் ஏறி போர்டே போய்விடும். எம்சிபி6002 வாங்குங்கள். பின் வரிசை அதேதான். கழற்றிய இடத்திலேயே செருகலாம். 5 வோல்ட் சப்ளையில் கிட்டத்தட்ட 5 வரை ஏறும், அதைத் தாண்டாது. 6 வோல்ட்டுக்கு மேல் மட்டும் அதற்குச் சப்ளை கொடுக்க வேண்டாம்.

கே: 10 கிலோ ஓம் கையில் இல்லை. இரண்டு 10 ஓம் போடலாமா? இரண்டு 10 மெகா ஓம்?

ப: இரண்டும் வேண்டாம். 10 ஓம் போட்டால் 5 வோல்ட் வெளியீட்டில் அந்த இரண்டு ரெசிஸ்டருக்கே 250 மில்லிஆம்பியர் தேவை; ஐசியால் அதில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதே பெரிது. 10 மெகா ஓம் போட்டால் 2-ஆம் பின்னில் கசியும் சில பத்து நானோஆம்பியரே சில நூறு மில்லிவோல்ட் பிழையாக வந்து நிற்கும். 4.7 கிலோவிலிருந்து 100 கிலோ வரை எதுவானாலும் சரி. இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

கே: 1 சதவீத ரெசிஸ்டரே கிடைக்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் தவறினால் பிழை 2 சதவீதமா?

ப: ரெசிஸ்டர்களின் விகிதத்தில் 2 சதவீதம், ஆனால் மொத்தப் பெருக்கத்தில் 1 சதவீதம்தான். பெருக்கம் என்பது 1-உடன் அந்த விகிதத்தைக் கூட்டியது. அந்த 1-இல் பிழையே கிடையாது. இந்தச் சலுகை 2 மடங்குக்கு வாய்த்தது. 100 மடங்கு கேட்டால் கிடைக்காது.

பிழைக்கு இன்னொரு வாசலும் உண்டு. எல்எம்358-க்கு உள்ளேயே 7 மில்லிவோல்ட் வரை ஆஃப்செட் இருக்கலாம். 2 வோல்ட்டை இரட்டிக்கும்போது அது தெரியாது. 10 மில்லிவோல்ட்டை இரட்டிக்கப் போனால் 20 வர வேண்டிய இடத்தில் 6-உம் வரலாம், 34-உம் வரலாம். ரெசிஸ்டரை எவ்வளவு பொறுக்கி எடுத்தாலும் இது போகாது. மில்லிவோல்ட் வேலைக்கு ஓபிஏ333 மாதிரியான ஐசி வேண்டும். அதில் ஆஃப்செட் 10 மைக்ரோவோல்ட்டைத் தாண்டாது.

கே: எதற்கு இத்தனை பாடு? புரோகிராமில் 2-ஆல் பெருக்கினால் போதாதா?

ப: எண் மட்டும் வேண்டுமென்றால் போதும். நுணுக்கம் வேண்டுமென்றால் போதாது. ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். எல்எம்35 வெப்ப சென்சார் ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தருவதால், அரை டிகிரிக்குக் கீழே கண் தெரியாது. புரோகிராமில் பெருக்கினாலும் படி சிறிதாகாது. முன்னாலேயே வோல்ட்டை இரட்டித்தால் கால் டிகிரி தெரியும்.

ஆனால் எல்எம்35-க்கு என் யோசனை வேறு: இரட்டிக்கவே வேண்டாம். ஊனோவில் 1.1 வோல்ட் உள் ரெஃபரன்ஸ் இருக்கிறது. புரோகிராமில் ஒரு வரி எழுதி அதற்கு மாற்றினால் படி சுமார் 1 மில்லிவோல்ட். பத்தில் ஒரு டிகிரி தெரியும். ரெசிஸ்டரும் வேண்டாம், ஐசியும் வேண்டாம்.

கே: டிரான்ஸ்பார்மர் வைத்து இரட்டிக்கலாமா?

ப: டி.சி.யை? முடியாது. காந்தப்புலம் மாறினால்தான் அடுத்த சுற்றில் வோல்ட் பிறக்கும்.

கே: 1.5 வோல்ட் பேட்டரியை 3 வோல்ட்டாக்கி வெள்ளை எல்இடி எரிக்க வேண்டும். கெபாசிட்டரும் டையோடும் போட்டால் இரட்டிக்கும் என்கிறார்களே?
(வாசகி, தென்காசி)

ப: முதல் கேள்விக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே இரட்டிக்க வேண்டியது அளவைக் காட்டும் வோல்ட், இங்கே சக்தி தரும் வோல்ட். ஆப்-ஆம்ப் தன் சப்ளையிலிருந்து எடுத்துத்தான் பெரிதாக்குகிறது, சப்ளையே 1.5 வோல்ட் என்றால் 3 எங்கிருந்து வரும்? எந்தப் பாகம் வாங்கும் முன்பும் வேண்டியது அளவா, சக்தியா என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பாதிப் பணம் மிச்சம்.

கெபாசிட்டர் முறை வழுக்குமரம் ஏறுவதைப் போன்றது. முதலில் கெபாசிட்டரை பேட்டரி வோல்ட்டுக்கு நிரப்பி, பிறகு அதைப் பேட்டரியின் தோள்மேல் ஏற்றி நிறுத்துகிறோம். இரண்டும் சேர்ந்து இரட்டை உயரம். தோளில் ஏற்றி இறக்க ஓயாமல் ஆன்-ஆஃப் ஆகும் சுவிட்ச் ஒன்று வேண்டும். இருக்கும் இரண்டு டையோடும் ஆளுக்கு 0.6, 0.7 வோல்ட் பிடித்துக்கொள்ளும். உங்கள் 3 வோல்ட்டில் கைக்கு வருவது 1.7. வெள்ளை எல்இடிக்கோ 3 வோல்ட் அளவில் வேண்டும். 9 வோல்ட்டில் அந்தச் சுவிட்சாக 555 ஐசி வைத்துச் செய்தாலும் 18 வராது; 15 வந்தால் நல்லது. சப்ளை 4.5 வோல்ட்டுக்குக் குறைந்தால் அந்த ஐசியே ஓடாது. அதனால்தான் முதல் கேள்வியில் வந்தது போன்ற சிறிய, மாறிக்கொண்டே இருக்கும் டி.சி.க்கு டையோடு முறை ஒத்துவராது என்கிறேன்.

உங்கள் எல்இடிக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஃபெரைட் வளையத்தில் இரட்டைச் சுற்று போதும். இந்தச் சர்க்யூட்டை ஜூல் தீஃப் என்று கேட்டால் எலக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் உடனே வரைந்து காட்டுவார்கள். வோல்ட் ஏறினால் கிடைக்கும் ஆம்பியர் அதற்கேற்பக் குறையும். பேட்டரிக்கு அது தெரியும். நாமும் எதிர்பார்க்க வேண்டும்.

கே: டையோடு வைத்து இரட்டிப்பதை முதலில் செய்தவர் யார்?

ப: சுவிட்சர்லாந்தின் இயற்பியலாளர் ஹைன்ரிக் கிரைனாகர், 1914-இல் வெளியிட்டார். அயனியாக்கத்தை அளக்கும் அவர் கருவிக்கு 200 முதல் 300 வோல்ட் டி.சி. வேண்டியிருந்தது, அன்றைய சூரிச் நகர மின்சாரமோ 110 வோல்ட் ஏ.சி. தேவைதான் சர்க்யூட்டைப் பெற்றது. அதே படியைப் பல அடுக்காக்கி, கேம்பிரிட்ஜில் காக்கிராஃப்டும் வால்டனும் 1932-இல் லித்தியம் அணுக்கருவைப் பிளந்தார்கள். 1951-இல் நோபல்.

கே: சென்சார் ஒயரைக் கழற்றினால் வெளியீடு தானாக மேலே ஏறி நிற்கிறது. பேயா?

ப: எல்எம்358-இன் உள்ளீட்டுப் பின்னிலிருந்து மிகச் சிறிய கரண்ட் வெளியே வந்துகொண்டே இருக்கும். போக வழி இல்லாவிட்டால் அந்தப் பின்னின் வோல்ட் ஏறும். ஐசி அதையும் நேர்மையாக இரட்டித்துக் கொடுக்கும். 3-ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 100 கிலோ ஓம் போடுங்கள். சென்சார் இல்லாதபோது வெளியீடு சில மில்லிவோல்ட்டுக்கு இறங்கிவிடும்.