உதை வாங்கியே முதலிடம்

தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கிறவர்கள் எல்லாரும் படம் மாட்டி மாலை போட வேண்டிய ஆசாமி ஒருவர் இருந்தார். யெஃபிம் போகோல்யுபோவ். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். 'போகோ' என்று சுருக்கிக்கொள்ளலாம். ஆளைத்தான் சுருக்க முடியாது, நல்ல பருமன்.

1889இல், ஜார் ஆண்ட ரஷ்யாவில், கீவ் நகரத்துப் பக்கம் பிறந்தவர். முதலில் பாதிரியார் படிப்பு, அப்புறம் விவசாயப் படிப்பு. நடுவில் செஸ் வந்து தொலைக்க, கடவுளும் தப்பித்தார், கத்தரிக்காயும் தப்பித்தது.

அவர் சொன்னதாக ஒரு பஞ்ச் டயலாக் இன்றும் செஸ் கிளப்புகளில் ஓடுகிறது. வெள்ளைக் காய் ஆடினால், முதல் மூவ் என்னுடையது, அதனால் ஜெயிப்பேன். கறுப்புக் காய் ஆடினால், நான் போகோல்யுபோவ், அதனால் ஜெயிப்பேன்! இதில் போகோவுக்குத் துளிக்கூடச் சந்தேகம் இருந்ததில்லை. எதிரே உட்கார்ந்தவர்களுக்குத்தான் அவ்வப்போது மாற்றுக் கருத்து இருந்தது.

1914 ஜூலைக்கு வருவோம். ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. ஐரோப்பாவில் இருந்த அத்தனை ராஜாக்களும் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ரஷ்யாவின் செஸ் புலிகள் கும்பலாகப் போய் இறங்கிய இடம் எது தெரியுமா? ஜெர்மனி! மான்ஹைம் நகரத்தில் டோர்னமெண்டாம். எதிராளி என்ன நினைக்கிறான் என்று பத்து மூவ் முன்னாலேயே கண்டுபிடிக்கிற மூளைகள் அத்தனையும். ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனி ரஷ்யா மேல் போர் அறிவித்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆட்டம் பாதியில் நின்றது. ரஷ்யர்களைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். முதலிடத்தில் இருந்த அலெக்கைன் கெட்டிக்காரர். முதல் பரிசையும் வாங்கிக்கொண்டு, சில வாரங்களில் விடுதலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகோ மாட்டிக்கொண்டார்.

பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பகுதியில் ட்ரிபெர்க் என்று ஒரு சிற்றூர். போர் முடியும்வரை அங்கே இருங்கள் என்றார்கள். கைதிகள் என்ன செய்தார்கள்? தங்களுக்குள்ளேயே டோர்னமெண்ட் வைத்தார்கள். முடிந்ததும் இன்னொன்று. அதே முகங்கள், அதே ஓப்பனிங்குகள். வெளியே லட்சக்கணக்கில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்க, போகோவுக்கு மட்டும் ஜெர்மன் பேரரசின் செலவில் கோச்சிங் கேம்ப். பல டோர்னமெண்டுகளில் அவர்தான் முதல்.

அதோடு விட்டாரா? உள்ளூர் வாத்தியார் மகளைக் கல்யாணமும் செய்துகொண்டார். ஜெயிலை நாம் மாமியார் வீடு என்று கிண்டலாகச் சொல்வோம். அதை இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொண்ட மனிதர் வேறு யாரும் இருக்க முடியாது.

கூண்டிலிருந்து வெளியே வந்த புலி நிஜமாகவே புலிதான், கேலிக்குச் சொல்லவில்லை. 1922இல் பிஸ்த்யான் நகரில் அலெக்கைனைப் பின்னுக்குத் தள்ளி முதலிடம். அதே வருடம் ஹேஸ்டிங்ஸில் அதே அலெக்கைனிடம் ஒரு மரண அடி. அலெக்கைன் தன் வாழ்நாளின் மிகப் பிரமாதமான ஆட்டங்களில் ஒன்றாக அதைத்தான் காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைத் தாரை வார்த்த பெருமை போகோவுடையது.

1925 மாஸ்கோ. சோவியத் அரசாங்கமே காசு போட்டு நடத்திய டோர்னமெண்ட். உலக சாம்பியன் கபபிளாங்கா, முன்னாள் சாம்பியன் லாஸ்கர் உட்பட 21 பேர். ஊரே செஸ் பைத்தியம் பிடித்து அலைந்தது. சினிமாக்காரர் புதோவ்கின் அந்தப் பைத்தியத்தையே கதையாக்கி 'செஸ் ஃபீவர்' என்று ஒரு காமெடிப் படம் எடுத்தார். அதில் கபபிளாங்கா கபபிளாங்காவாகவே வந்து ஜம்மென்று சிரித்துவிட்டுப் போகிறார். டோர்னமெண்டில் ஜெயித்தது யார்? போகோ! 20 ஆட்டத்தில் 15½ பாயிண்ட். லாஸ்கர் 14, கபபிளாங்கா 13½. கோப்பை ஒருவருக்கு, குளோஸ்-அப் இன்னொருவருக்கு.

இதற்குள் ஒரு கூத்து ஒளிந்திருக்கிறது. அந்த மாஸ்கோவிலேயே, நேருக்கு நேர் ஆட்டத்தில், கபபிளாங்கா ஒரு காயைத் தூக்கி வெட்டக் கொடுத்து போகோவைப் பிழிந்து காயப்போட்டார். மூன்று வருடம் கழித்து பாட் கிஸ்ஸிங்கனில் மறுபடியும் கபபிளாங்காவிடம் தோல்வி. அங்கேயும் மறுபடியும் போகோ முதலிடம், கபபிளாங்கா இரண்டாமிடம்! ஐபிஎல்லில் சென்னையிடம் இரண்டு மேட்சிலும் உதை வாங்கிவிட்டு பாயிண்ட்ஸ் டேபிளில் சென்னைக்கு மேலே உட்கார்ந்த மாதிரி. கபபிளாங்காவை வாழ்நாளில் ஒரு ஆட்டத்தில்கூட போகோ ஜெயித்ததில்லை. பாவம், கபபிளாங்காவுக்கு எப்படி இருந்திருக்கும்?

நடுவில் 1926இல் போகோ சோவியத் குடியுரிமையை உதறிவிட்டு ஜெர்மனிக்கே போய்விட்டார். மாஸ்கோ அவரைத் துரோகி என்றது. ட்ரிபெர்க் மாப்பிள்ளை என்றது.

1927இல் அலெக்கைன், கபபிளாங்காவை வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார். ரீமேட்ச் கொடுங்கள் என்றார் கபபிளாங்கா. 10,000 டாலரை எடுத்து வையும், விதி என்றால் விதிதான் என்றார் அலெக்கைன். அந்த விதியை எழுதியதே கபபிளாங்காதான்! போகோ வந்து கேட்டபோது மட்டும் அந்தக் கறார் தளர்ந்துபோனது. ஏன் என்று உலகத்துக்கே புரிந்தது, போகோவைத் தவிர.

1929இல் மோதினார்கள். அலெக்கைன் 11 ஆட்டம் ஜெயித்தார், போகோ 5. இத்தோடு வேறு யாராயிருந்தாலும் செஸ் போர்டைப் பரணில் போட்டிருப்பார்கள். போகோ 1934இல் மறுபடியும் வந்து நின்றார். இந்தத் தடவை 8 தோல்விதான். பதினொன்று எட்டாகக் குறைந்தது முன்னேற்றம் இல்லையா? ஜெயித்ததும் ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்ததை எண்ணிக்கொண்டிருக்கிற ஜாதி இல்லை நம்ம ஆள்.

அறுபது வயதில், 1949இல், மேற்கு ஜெர்மனியின் சாம்பியன். சின்னப் பையன்கள் எல்லாம் என்ன செய்துகொண்டிருந்தார்களோ! மறுவருடம் உலக செஸ் சம்மேளனம் முதன்முறையாக கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தபோது பட்டியலில் போகோ பெயர் இல்லை. நாஜி காலத்து ஜெர்மனியில் இருந்து ஆடியது குறுக்கே வந்தது. அதைச் சும்மா தட்டிவிடவும் முடியாதுதான். 1951இல் ஒரு வழியாகக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் ட்ரிபெர்க்கில் காலமானார்.

பட்டம் கையில் வந்தபோது அவர் என்ன சொன்னாரோ. நம் ஆளுக்கு அது வெறும் அட்டெஸ்டேஷன்தான், கையெழுத்து முப்பது வருடத்துக்கு முன்னாலேயே அவர் போட்டாகிவிட்டது.