எலியைக் காட்டி எலும்பு மாத்திரை விற்பது எப்படி?

உங்களிடம் ஒரு வெள்ளைப் பொடி இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லை அரைத்ததோ, சிப்பியை இடித்ததோ, கடல் பவளத்தைப் பொடித்ததோ, எதுவாகவும் இருக்கட்டும். வேதியியல்காரரிடம் கொடுத்தால் மூன்றையும் முகர்ந்துகூடப் பார்க்காமல் கால்சியம் கார்பனேட் என்று எழுதிக் கொடுத்துவிடுவார். கடைக்காரரிடம் கொடுத்தால் மூன்றுக்கும் மூன்று விலை சொல்வார். நீங்கள் கடைக்காரர் பக்கம். டப்பாவின் மேல் 'எலும்புத் தேய்மானத்துக்கு ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று ஒரு வரி மட்டும் விழுந்துவிட்டால் போதும்.

மனிதர்களிடம் நிரூபிக்கும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களை வைத்து அப்படி ஒரு சோதனை நடத்தினார்கள். ஏறக்குறைய ஏழு வருடம், பாதிப் பேருக்கு தினமும் 1000 மில்லிகிராம் கால்சியமும் வைட்டமின் டி-யும். 2006-ல் முடிவு வந்தது. இடுப்பு எலும்பின் அடர்த்தி ஒரு சதவீதம்போலக் கூடியிருந்தது. இடுப்பு எலும்பு முறிவு குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிறுநீரகக் கல் மட்டும் 17 சதவீதம் கூடுதல். இந்த மாதிரி முடிவை வைத்துக்கொண்டு யார் வியாபாரம் செய்வது? எலிக்கு வாருங்கள். பன்னிரண்டு வாரத்தில் கதை முடிந்துவிடும்.

பெண் எலியாக வாங்குங்கள். பெண்களுக்கு வருவதுபோன்ற மெனோபாஸ் எலிக்கு வராது என்பதால், அறுவை செய்து சினைப்பை இரண்டையும் எடுத்துவிடுவார்கள். ஈஸ்ட்ரோஜன் சட்டென்று விழும். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் மேல்முனையில், பஞ்சுபோன்ற உட்பகுதி இரண்டு வாரத்திலேயே கரையத் தொடங்கிவிடும். இதுவரை நல்ல அறிவியல். உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட முறை. உங்கள் திறமை இனிமேல்தான் வேண்டும்.

வயதில் தொடங்குவோம். விஷயம் தெரிந்தவர்கள் ஆறு மாதமாவது ஆன எலியைக் கேட்பார்கள். அதுவரை தீனி போட்டு வளர்த்தவன் அதற்கும் சேர்த்து விலை சொல்வான். மூன்று மாத எலி மலிவு. அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், எலும்பும் தானாகவே நீளும், தடிக்கும். வளர்ச்சியைப் பொடியின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். வாடகைக்கு வந்த வீட்டில் தென்னை காய்த்ததற்குப் பெருமை அடிப்பதுபோலத்தான். யாரும் கேட்கமாட்டார்கள்.

வயிற்றைத் திறந்து, எதையும் எடுக்காமல் தைத்து மூடிய எலிகள் ஒரு கூட்டம் வேண்டும் என்பார்கள். எலும்பு குறைந்தது சினைப்பை போனதாலா, கத்தி பட்ட அதிர்ச்சியாலா என்று பிரித்துப் பார்க்கத்தான். வீண் செலவு. சினைப்பை போன எலி கூடுதலாகத் தின்று எடை போடும், அந்த எடையே எலும்பைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், அதனால் ஒவ்வொரு எலியின் தீனியையும் தினம் நிறுத்துப் போட வேண்டும் என்றும் சொல்வார்கள். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வுக்கூடத்துக்கு வர வேண்டும். விடுங்கள். எலி தன் புழுக்கையைத் தானே தின்னும் என்பதையும் யாருக்கும் நினைவூட்டாதீர்கள். நீங்கள் ஒருமுறை கொடுத்த கால்சியம் இரண்டாம் முறையும் உள்ளே போவது உங்கள் கணக்குக்கு நல்லதல்ல.

இப்போது தீனி. இந்தப் பத்தியை மட்டும் வெட்டி மேஜைமேல் ஒட்டிக்கொள்ளுங்கள். ஆய்வு எலிக்கு என்ன போட வேண்டும் என்று அமெரிக்க ஊட்டச்சத்துக் கழகம் 1993-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டது. அதன்படி ஒரு கிலோ தீனியில் 5 கிராம் கால்சியம். நீங்கள் அதை 1 கிராமாகக் குறைத்துவிடுங்கள். எல்லா எலிகளுக்கும் இந்தப் பஞ்சத் தீனிதான், ஆனால் உங்கள் கூண்டு எலிகளுக்கு மட்டும் தீனியோடு பொடி. பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பொடி தின்ற எலியின் எலும்பு கெட்டியாக இருக்கும். இருக்காமல் என்ன செய்யும்? பட்டினி கிடந்தவனையும் இலை போட்டுச் சாப்பிட்டவனையும் ஓடவிட்டு, ஜெயித்தவன் என் சாம்பாரால்தான் ஜெயித்தான் என்பதுபோல. சாம்பார் கெட்டதென்று நான் சொல்லவில்லை. எந்தச் சாம்பாருக்கும் அவன் ஜெயித்திருப்பான்.

இங்கே ஓர் ஆபத்து. யாராவது ஒரு மாணவி எழுந்து, "சார், மூன்றாவதாக ஒரு கூண்டு வைத்து, அதே அளவு கால்சியத்தை சாதாரணக் கால்சியம் கார்பனேட்டாகக் கொடுத்துப் பார்க்கலாமே" என்பாள். அந்தக் கூண்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதிலிருக்கும் எலி உங்கள் எலிக்குச் சமமாக எலும்பு வளர்த்துவிட்டால் பவளத்தின் விலையை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

மருந்தளவில் தாராளமாக இருங்கள். எலியின் எடையில் கிலோவுக்கு 1000 மில்லிகிராம் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். எலியின் அளவை மனிதருக்கு மாற்ற 6.2-ஆல் வகுப்பது வழக்கம். அறுபது கிலோ பாட்டிக்கு ஒரு நாளைக்குப் பத்து கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். 500 மில்லிகிராம் மாத்திரையில் பத்தொன்பதைத் தாண்டும். டப்பாவில் 'தினம் இரண்டு' என்று போடுங்கள். வகுத்தல் கணக்கு ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது.

எதை அளப்பது? அடர்த்தியை அளங்கள், அதோடு நிறுத்துங்கள். அடர்த்தியை ஏமாற்றுவது சுலபம். கால்சியத்தின் அணு எண் 20, ஸ்ட்ரான்சியத்தின் அணு எண் 38. எலும்பில் கொஞ்சம் ஸ்ட்ரான்சியம் ஏறினால் அது எக்ஸ் கதிரைக் கூடுதலாக விழுங்கும், ஸ்கேன் கருவியோ எலும்பே கூடிவிட்டதாக நம்பிவிடும்.

ஃப்ளோரைடு கதை இன்னும் சுவையானது. அதைக் கொடுத்தால் எலும்பின் அடர்த்தி உண்மையாகவே ஏறும். 1990-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 202 பெண்கள், நான்கு வருடம். ஃப்ளோரைடு சாப்பிட்டவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் கூடியது. விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் முதுகெலும்பு முறிவு சொல்லும்படி குறையவில்லை, மற்ற எலும்புகளில் முறிவு கூடிவிட்டது. எலும்பு கெட்டியாகி, கூடவே நொறுங்கும் தன்மையும் வந்துவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து முதுகு வளையாமல் போன பெரியவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் ஃப்ளோரைடால் எலும்பு இறுகும் நோயை மருத்துவர்கள் 1937-லேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

அதனால்தான் நேர்மையான ஆய்வுக்கூடங்களில் எலியின் தொடை எலும்பை இரண்டு முட்டுகளின் மேல் வைத்து, நடுவில் அழுத்தி, எவ்வளவு பளுவில் உடைகிறது என்று பார்க்கிறார்கள். நீங்கள் உடைக்காதீர்கள். உடைத்தால் உண்மை வெளியே வரும்.

அப்படியே உடைத்தாலும் அது எலி எலும்புதான். நம் எலும்பின் கெட்டியான வெளிச்சுவர், உள்ளுக்குள்ளேயே குடைந்து குடைந்து தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். எலி எலும்பில் அந்த வேலை பெரும்பாலும் நடக்காது. எலும்புத் தேய்மான மருந்து என்றால் எலியோடு, ஆடு, குரங்கு போன்ற பெரிய விலங்கு ஒன்றிலும் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை 1994-ல் வழிகாட்டியதற்கு இது ஒரு காரணம். அதே 1994-ல்தான், சத்துப்பொடி விற்பவர்கள் பலன் உண்டு என்று முன்கூட்டியே நிரூபித்து அனுமதி வாங்கத் தேவையில்லை என்ற சட்டமும் அதே நாட்டில் வந்தது. நீங்கள் எந்தக் கதவு வழியாகப் போவீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்னொன்று, எலிக்கு நான்கு கால். அது பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வதில்லை.

பன்னிரண்டாம் வாரம் முடிந்ததும் எலிகளைக் கொன்றுவிடுவார்கள். எலும்பை எடுக்க வேறு வழியில்லை. நம் நாட்டில் இதற்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும், எத்தனை எலி, ஏன் அத்தனை எலி என்று கேட்பார்கள். மூன்றாவது கூண்டு இல்லாத ஆய்வுக்கு எத்தனை எலி என்று கேட்டால் சரியான விடை பூஜ்யம். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை.

கடைசியாக லேபிள். முன்பக்கத்தை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். பின்பக்கத்தில், இந்தியச் சட்டப்படி, இந்த வகைச் சத்துப்பொடிகள் எல்லாவற்றிலும் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட்டே ஆக வேண்டும். வாங்க வந்திருப்பவர்களே, காசு கொடுக்கும் முன் டப்பாவை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.