மைனஸ் நூறு மச்சான்

(பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் அம்பத்தூர் எஸ்டேட். அங்கே ஒரு லேத் பட்டறை மாடி. கீழே மெஷின் ஓடினால் மேலே கம்ப்யூட்டர் மேஜையும் கூடவே ஆடும். மெயில் சர்வரைப் பார்க்கும் தம்பி ஆவடியிலிருந்து வந்திருக்கிறார்.)

முதலாளி: தம்பி, பர்ச்சேஸ் ஆர்டர் வந்து ஸ்பாம்ல உக்காந்துக்கிச்சு. பார்ட்டி போன்ல கிழிக்கிறான். கோடி ரூபா தர்றேன்னு சொல்றவன் மட்டும் இன்பாக்ஸ்ல கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கான்.

தம்பி: ஸ்பாம்அசாஸின்னு நம்ம ஸ்பாம் ஃபில்டர், ஒவ்வொரு விதிக்கும் மார்க் போடுது சார். கூட்டி 5 வந்தா ஸ்பாம்.

முதலாளி: அஞ்சு மார்க் எடுத்தும் ஃபெயிலா?

தம்பி: இங்க மார்க் எடுத்தாத்தான் ஃபெயில்.

முதலாளி: நம்ம ஆள் எவ்ளோ எடுத்தான்?

தம்பி: சப்ஜெக்ட் பூரா கேபிடல் லெட்டர். "அர்ஜென்ட்" மூணு வாட்டி, ஆச்சரியக்குறி எட்டு. உள்ள ஒரு வரி கிடையாது, டிராயிங்கை போட்டோ புடிச்சு ஒட்டியிருக்கார். அவர் கம்ப்யூட்டர்ல இன்னும் போன வருஷம்தான் ஓடுது. மொத்தம் 6.1.

முதலாளி: இருபது வருஷமா அவன் அப்படித்தாம்ப்பா. நேர்ல பேசினாலும் கேபிடல் லெட்டர்தான்.

தம்பி: கோடி தர்றவர் "மதிப்பிற்குரிய ஐயா"ன்னு ஆரம்பிச்சு கையெழுத்து வரைக்கும் ஒரு பிசிறு இல்ல. 1.2.

முதலாளி: இந்த ஸ்பாம் கூத்தை எவன் ஆரம்பிச்சது?

தம்பி: கேரி துர்க்னு ஒரு அமெரிக்கர். 1978-ல கம்ப்யூட்டர் விக்கிறதுக்கு சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலைத் தட்டிவிட்டார்.

முதலாளி: யாவாரம் ஆச்சா?

தம்பி: கோடிக்கணக்குல ஆச்சுன்னு அவரே சொல்லிக்கிட்டார்.

முதலாளி: அப்புறம் என்ன தப்பு? சரி, அந்த அஞ்சை ஐம்பதாக்கு.

தம்பி: அதுக்கு வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிட்டு கேட்டைக் கழட்டி வெச்சிடலாம்.

முதலாளி: தெரிஞ்சவங்களுக்குச் சலுகை எதுவும் இல்லியா?

தம்பி: இருக்கு. வைட்லிஸ்ட்ல பேர் சேர்த்தா மைனஸ் 100. இப்ப அதை வெல்கம்லிஸ்ட்ங்கிறாங்க.

முதலாளி: நூறா! முதல்ல என் மச்சானைப் போடு.

தம்பி: அனுப்புறவர் பேரை எவன் வேணா எழுதிக்கலாம் சார். இரும்பு சப்ளையர் பேர்ல ஒருத்தன் "பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு"ன்னு எழுதினா, மைனஸ் நூறோட நேரா உங்க மேஜைக்கு வந்துடுவான். அனுப்பினது நிஜ ஆளான்னு பார்க்கிற எஸ்பிஎஃப், டிகேஐஎம் சோதனையில பாஸானா மட்டும் சலுகைன்னு இன்னொரு வகை இருக்கு. அதைப் போடறேன்.

முதலாளி: மச்சான் பாஸாவானா?

தம்பி: அவர் கம்பெனி மெயில்ல ரெண்டுமே இல்ல.

முதலாளி: தெரியும். கல்யாணத்தப்பவே எங்கப்பா கிட்ட சொன்னேன், யாரு கேட்டா?

தம்பி: பேயஸ்னு ஒண்ணு இருக்கு. நல்ல மெயில் 200, கெட்ட மெயில் 200 காட்டிட்டா அதுவே ஆளை எடை போட்டுக்கும்.

முதலாளி: இருநூறு நல்ல மெயிலுக்கு நான் எங்க போவேன்? வர்றதெல்லாம் "பேமென்ட் அடுத்த மாசம்".

தம்பி: பேயஸுக்கு அதுவும் நல்ல மெயில்தான்.

முதலாளி: உன் பேயஸ் பட்டறை நடத்தினது இல்ல. இந்தா, ஒரு பார்ட்டிக்குக் காசு கேட்டு நான் அனுப்பினதை ஓட்டிப் பாரு. 2006 சட்டப்படி எங்களை மாதிரி சின்ன யூனிட்டுக்கு 45 நாள்ல காசு வரணும். இன்னிக்கு 110.

தம்பி: (ஓட்டிப் பார்த்து) கேபிடல் லெட்டர்... "கைண்ட்லி"... "அர்ஜென்ட்"... "ரிலீஸ் ஃபண்ட்"... 7.3.

முதலாளி: அடப்பாவி! அதான் நாலு வாட்டி அனுப்பியும் பதில் இல்லியா? அவங்க ஸ்பாம்ல போய் மாட்டிக்கிச்சு!

தம்பி: இல்ல சார். நாலையும் தொறந்து பார்த்ததா ரிசீட் வந்திருக்கு. அதுதான் நம்ம ஸ்பாம்ல கிடக்கு.