கர்சர் பேசாது

கே: வேலை நடக்கும்போதே ஃபிக்மா லிங்க்கைக் கிளையண்டிடம் கொடுத்துவிடலாமா? (டிசைனர், கோவை)

ப: தாராளமாக. ராத்திரி பதினொன்றுக்கு ஒரு பட்டனை இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டிருப்பீர்கள். அவர் பெயர் தாங்கிய கர்சர் ஒன்று மெல்ல வந்து பக்கத்தில் நிற்கும். ஒன்றும் பேசாது. அதுதான் கலவரமே. காட்டுவதற்கென்று தனி ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். எதை ஏன் செய்தீர்கள், எதை ஏன் கைவிட்டீர்கள் என்று ரெண்டு ரெண்டு வரி அதில் எழுதுங்கள். கிறுக்கும் ஃபைலின் லிங்க் உங்கள் நாய்க்குக்கூடத் தெரிய வேண்டாம்.

கே: பெரிய டிசைனர்கள் இப்படித் திறந்து காட்டினார்களா என்ன? பால் ராண்ட் ஒரே ஒரு லோகோதான் கொடுப்பாராமே? (மாணவி, சென்னை)

ப: ஐபிஎம் லோகோவைச் செய்த மனிதர். 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்திடம் ஒரு லட்சம் டாலர் வாங்கினார். நாலைந்து மாதிரி காட்டுங்களேன் என்று ஜாப்ஸ் கேட்டார். அந்தப் பழக்கமே கிடையாது என்றுவிட்டார் ராண்ட். பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டாலும் பணம் வந்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு.

இதே ஆள்தான் லோகோவோடு ஒரு சிறு புத்தகத்தையும் கையில் கொடுத்தார். மற்ற மூன்றும் பெரிய எழுத்தாக இருக்க ‘இ’ மட்டும் ஏன் சின்ன எழுத்து, பெயரைச் சாய்ந்த கனசதுரத்தில் ஏன் அடைத்தேன் என்று படிப்படியாக விளக்கம். யோசித்த விதத்தை ஒளிக்காமல் காட்டினார். முடிவை மட்டும் ஏலத்துக்கு விடவில்லை.

நம்மூரில் நேர் எதிர். ஆறு ஆப்ஷன் அனுப்புவோம், ஒன்றுக்கும் காரணம் எழுத மாட்டோம். கிளையண்ட் பாவம் என்ன செய்வார்? மூன்றாவதின் தலையையும் ஐந்தாவதின் காலையும் ஒட்டித் தரச் சொல்வார்.

கே: அப்படியானால் விளக்கம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லதா? (விளம்பர எழுத்தாளர், மதுரை)

ப: பெப்சிக்கு 2008-இல் புது லோகோ செய்தது ஆர்னெல் நிறுவனம். அதன் விளக்க ஆவணம் மறுவருடம் வெளியே கசிந்தது. பூமியின் காந்தப்புலம், ஈர்ப்பு விசை, விரியும் பிரபஞ்சம் எல்லாம் வருகிறது. விஷயம், ஒரு வட்டத்தின் நடுவே ஒரு வெள்ளை வளைவு.

கே: கிளையண்ட் மட்டுமில்லை, ஊரையே கூட்டிக் காட்டினால்? (வாசகர், திருச்சி)

ப: மோசில்லா அதைச் செய்தது. லண்டனின் ஜான்சன் பேங்க்ஸ் ஸ்டூடியோவோடு சேர்ந்து, 2016 ஆகஸ்டில் ஏழு வரைவுகளை உலகத்தின் முன் வைத்தது. பாராட்டும் வந்தது, பொரிந்தும் தள்ளினார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்கள், ஓட்டெடுப்பு மட்டும் நடத்தவில்லை. 2017 ஜனவரியில் வெளியான லோகோவில், இணைய முகவரியில் வரும் முக்காற்புள்ளியும் இரட்டைச் சாய்கோடும் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தன. கருத்துக் கேட்பவருக்குத் தோல் கொஞ்சம் தடிமனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கே: கிளையண்ட் எதிரிலேயே அஞ்சு நிமிஷத்தில் ரஃப் போட்டேன். “இதுக்கா இவ்வளவு காசு?” என்கிறார். (நொந்துபோனவர், சேலம்)

ப: சிட்டி வங்கியின் லோகோவை முதல் சந்திப்பிலேயே காகிதக் கைத்துண்டில் வரைந்தவர் பவுலா ஷேர். சிட்டியோடு இணைந்த டிராவலர்ஸ் நிறுவனத்தின் சின்னமான சிவப்புக் குடை, ‘டி’ எழுத்தின் மேல் ஒரு வளைவாகிவிட்டது. வரைய நொடிகள் போதும். வங்கிக்காரர்களைச் சம்மதிக்க வைப்பதற்குத்தான் கூட்டம் மேல் கூட்டம். உங்கள் பில்லில் கூட்டங்களுக்கென்று ஒரு வரி இருக்கிறதா?